நல்ல நிலையில் இருந்த கம்பம்

நல்ல நிலையில் இருந்த ஒரு கொடிக்கம்பத்தை, துருப்பிடித்து ஆபத்தாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்து வைத்தவன் நான். அப்படி எழுதும்போது அது பொய் என்று எனக்குத் தெரியும். அந்தப் பொய்யால், எண்பது வயது கடந்த ஒரு பெண் தன் கடைசிக் காலத்தில் கேட்ட ஒரேயொரு மரியாதை அவருக்குக் கிடைக்காமல் போனது. பதினொரு வருடம் இதை வெளியே சொல்லாமல் வைத்திருந்தேன். என் மனைவிக்கு மட்டும் தெரியும்.

எண்பத்து மூன்று யூலையில் கொழும்பில் எங்கள் வீடு எரிந்தது. அடுத்த வருடம் மெல்பேர்ண் வந்து சேர்ந்தோம். நான் கட்டடப் பொறியியலாளன். முதல் இரண்டு வருடம் கிளேட்டனில் ஒரு தொழிற்சாலையில் படம் வரைந்தேன். பிறகு தென்கிழக்குப் பக்கத்து நகரசபை ஒன்றில் வேலை கிடைத்தது. பாலம், மதில், நீச்சல் தடாகம், விளையாட்டுத்திடல் விளக்குத்தூண் எல்லாவற்றையும் பார்த்து, இது பத்திரம், இது பத்திரமில்லை என்று எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை. என் எழுத்தை ஒருவரும் சந்தேகித்ததில்லை. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

கொடிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இதைச் சாட்டாகச் சொல்லவில்லை. எழுபதுகளில் யாழ்ப்பாணத்தில் நான் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தபோது, சுதந்திர தினத்தன்று தன் வீட்டுப் படலையில் கறுப்புக்கொடி கட்டினார் என்று எங்கள் கந்தோர் லிகிதர் ஒருவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். மூன்று பிள்ளைகளின் தகப்பன். அவருக்காக ஒரு வார்த்தை பேசும்படி அவருடைய மனைவி என்னிடம் வந்தார். நான் பேசவில்லை. கொடி இருக்கும் பக்கம் போகாதே என்பதுதான் அன்று நான் எடுத்துக்கொண்ட பாடம். அந்தப் பாடத்தோடுதான் இந்த நாட்டுக்கும் வந்தேன்.

நகரசபையில் முதியவர்களின் வீடுகளுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் பிரிவில் ஒரு பெண் வேலை செய்தார். என் வயதுதான் இருக்கும். இந்த மாநிலத்துப் பூர்வகுடி மக்கள் தங்களைக் கூரி என்று சொல்வார்கள், அவர் கூரி. இளம் ஊழியர்கள் அவரை அன்ரி என்றே கூப்பிட்டார்கள். அது அவர்களுடைய வழக்கம். எங்கள் வழக்கமும் அதுதான் என்பதால் எனக்கு அது வித்தியாசமாகப் படவில்லை. அவர் பேசியது ஆங்கிலம். ஆனால் அவர் சொன்னவற்றை நினைத்துப் பார்க்கும்போது எல்லாம் எங்கள் பேச்சாகவே எனக்குக் கேட்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

முதல் நாள் தேநீர் அறையில் என்னைப் பார்த்து, "நீர் எவடம்?" என்று கேட்டார்.

"சிலோன்."

உரத்துச் சிரித்தார். "அப்ப நீர் என்ர அம்மாவின்ர சொந்தக்காரன். அம்மா முப்பது வருசம் சிலோன்காரியா இருந்தவ."

நான் விழித்தேன். அவர் சீனி போட்டுக் கலக்கியபடியே கதையைச் சொன்னார். அவருடைய அம்மாவை ஏழு வயதில் ஆற்றங்கரைக் குடியிருப்பிலிருந்து அதிகாரிகள் காரில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். பெண்பிள்ளைகள் விடுதி ஒன்றில் வளர்த்து, பதினான்கு வயதில் பண்ணை வீடுகளில் வேலைக்கு விட்டார்கள். தாயை அவர் பிறகு காணவேயில்லை. தனக்குப் பிள்ளைகள் பிறந்ததும், அவர்களையும் அப்படிக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற பயத்தில் நகரத்துக்கு வந்தார். வீட்டுக்காரரிடமும் அயலவரிடமும் பள்ளிக்கூடத்திலும், தன் தகப்பன் குதிரைவண்டியில் துணி விற்ற சிலோன்காரன் என்று சொன்னார். நகரசபை வீட்டுக்கு விண்ணப்பித்தபோது, எங்கள் கட்டடத்துக்கு வந்து, அதே பொய்யை எழுதிக் கையெழுத்தும் வைத்தார்.

"அந்தப் பொய்யாலதான் நாங்கள் அஞ்சு பேரும் அவவோட இருந்தனாங்கள்" என்றார். "உங்கட நாட்டுக்குப் பெரிய நன்றி. அங்க சாப்பாடு என்னெண்டும் அவவுக்குத் தெரியாது. ஆரும் கேட்டா, உறைப்பு எண்டு மட்டும் சொல்லுவா."

அதன் பிறகு நாங்கள் நண்பர்கள் போலத்தான் இருந்தோம். என் மனைவி செய்த கட்லட்டை நான் கொண்டுபோனால், நாலு தனக்கு, இரண்டு அம்மாவுக்கு என்று எடுத்து வைப்பார். அம்மா அப்போது முதியோர் இல்லத்தில் இருந்தார்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு. பிரித்தெடுக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றிய விசாரணை அறிக்கை வெளிவந்து, பத்திரிகைகளில் எல்லாம் அதே பேச்சாக இருந்தது. கறுப்பும் சிவப்பும் நடுவே மஞ்சள் வட்டமுமான அவர்களுடைய கொடியை அரசாங்கம் அதற்கு இரண்டு வருடம் முன்புதான் அங்கீகரித்திருந்தது. அந்தப் பெண் நகரசபைக்கு ஒரு கடிதம் கொடுத்தார். யூலையில் வரும் எங்கள் பூர்வகுடி மக்களின் வாரத்தில், கட்டடத்துக்கு முன்னால் சும்மா நிற்கும் இரண்டாவது கம்பத்தில் எங்கள் கொடியை ஏற்றுங்கள் என்று.

தேநீர் அறையில் எனக்கு அதன் காரணத்தையும் சொன்னார். "அம்மாதான் கேட்டவ. அந்தக் கட்டடத்துக்குள்ளதான் சிலோன் எண்டு எழுதினனான், அதுக்கு முன்னால ஒரு கதிரையில இருந்து என்ர கொடியைப் பாக்க வேணும் எண்டு. வேற ஒண்டும் கேக்கேல்ல."

"கட்டாயம் நடக்கும்" என்று நான் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து என் பொறுப்பதிகாரி என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், பிறந்தநாளுக்குக் கேக் வாங்கித் தருபவர், இந்த ஊர் வழக்கப்படி எல்லோரையும் மேட், அதாவது சிநேகிதா, என்று கூப்பிடுபவர். அதற்கு முந்திய வருடங்களில் நகரசபைகளை ஒன்றாக்கி, எத்தனையோ பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். எங்கள் பிரிவிலும் இன்னும் ஒருவர் போக வேண்டும் என்ற கதை இருந்தது.

"சபையில பாதிப் பேர் ஏத்து எண்டுகினம், பாதிப் பேர் கூடாது எண்டுகினம்" என்றார். "ஆரையும் பகைக்கேலாது, மேட். அந்த ரெண்டாவது கம்பம் எப்பிடி?"

"நல்லா இருக்கு."

"வடிவாப் பாத்தனீரோ?"

கீழே போய்ப் பார்த்தேன். அடித்தட்டைச் சுத்தியலால் தட்டினேன். நான்கு ஆணிகளையும் சோதித்தேன். வர்ணத்தைச் சுரண்டிப் பார்த்தேன். கம்பம் இன்னும் முப்பது வருடம் நிற்கும். மேலே வந்து அதைச் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "திரும்ப ஒருக்காப் பாரும்" என்றார்.

அவ்வளவுதான். எழுது என்று அவர் சொல்லவில்லை. வேலை போகும் என்றும் சொல்லவில்லை. நான் திரும்ப ஒருமுறை பார்க்கவும் இல்லை. மேசைக்குப் போய் மூன்று வசனம் எழுதினேன். அடிப்பாகத்தின் உட்புறத்தில் துரு. பலத்த காற்றில் விழக்கூடும். உடனே அகற்றவும். கீழே என் பெயர், பட்டம், பதிவு எண்.

அந்த வாரமே கம்பத்தை வெட்ட ஆள் வந்தார். ஸ்பிரிங்வேலில் பட்டறை வைத்திருந்த வியட்நாமியர். வேலை முடிந்ததும் என்னைத் தேடி வந்து, "துருவை எங்க கண்டனீங்கள், பொஸ்? எனக்கு ரெண்டு வெட்டுத்தகடு தேஞ்சு போச்சு" என்றார்.

"உள்ளுக்க" என்றேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "ஓம், உள்ளுக்கத்தான் இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பெண் என்மீது கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ இலகுவாக இருந்திருக்கும். அவர் அடுத்த நாள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீர் பாத்தது நல்லதாப் போச்சு. அம்மா அதுக்குக் கீழதான் இருந்திருப்பா. விழுந்திருந்தா? அம்மாட்டச் சொன்னனான். உமக்கு நன்றி சொல்லச் சொன்னவ."

நான், "பரவாயில்லை" என்றேன்.

அந்த யூலைத் திங்கட்கிழமை அம்மா நீலச் சட்டை போட்டு, தொப்பியும் வைத்து, காலை எட்டு மணிக்கே ஆயத்தமாக இருந்தாராம். இந்த வருடம் இல்லை என்று சொல்லியிருந்ததை மறந்துவிட்டார். ஏமாற்ற மனமில்லாமல் மகள் காரில் கொண்டுவந்து கட்டடத்துக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறார். நான் மேலே ஜன்னலில் நின்று அந்தக் காரைப் பார்த்தேன். கீழே இறங்கிப் போகவில்லை.

"எங்கட கொடி எங்க எண்டு கேட்டா" என்று மகள் பிறகு சொன்னார். "கம்பம் பழுது அம்மா எண்டன். சரி, அடுத்த வருசம் எண்டா."

அடுத்த வருடம் புதுக் கம்பத்துக்கு வழியில்லை என்றார்கள். அந்த இலையுதிர் காலத்தில் அம்மா இறந்தார். நான் செத்தவீட்டுக்குப் போனேன். பூங்கொத்தும் கொண்டுபோனேன். என் வெட்கங்கெட்ட காரியங்களில் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அன்று வீட்டுக்கு வந்துதான் மனைவியிடம் சொன்னேன். குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்தாள். அதே தொண்ணூற்றேழில்தான் எங்கள் கோயிலின் கொடிமரத்துக்கு அத்திவாரம் போட்டோம். அந்தக் கணக்கை இலவசமாகச் செய்து கொடுத்தவன் நான். ஈரமண், பக்கவாட்டுக் காற்று, திருவிழாச் சனம் கயிற்றைப் பிடித்து இழுக்கும் பாரம் எல்லாம் பார்த்தேன். கொடியேற்றத்தன்று, கொடி ஏறும்வரை யாரும் பச்சைத்தண்ணீர் வாயில் வைக்கவில்லை. நானும்தான்.

"கோயில் கம்பத்துக்கு மூண்டு தரம் கணக்குப் பாத்தனீங்கள்" என்றாள் அவள். "அந்த மனிசிக்கு ஒரு தரம் உண்மை எழுதக் கை வரேல்லை என்ன?"

அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. பத்து வருடம் கேட்கவில்லை.

நான் ஓய்வு பெற்று, ரோவில் என்ற புறநகரில் எங்கள் வீட்டில் கத்தரிக்காயும் முருங்கையும் வளர்க்கப் பாடுபட்டுக்கொண்டிருந்த காலம். முருங்கை இந்தக் குளிரில் வராது என்று எல்லோரும் சொன்னார்கள், வரவில்லை. இரண்டாயிரத்து எட்டு பெப்ரவரியில், பிரித்தெடுக்கப்பட்ட பிள்ளைகளிடம் இந்த நாட்டுப் பிரதமர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். சபையில் இருந்த வயதான பெண்கள் அழுதார்கள். முடிந்ததும் மனைவி தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அவர் சொல்லிப்போட்டார். நீங்கள்?"

போனேன். உடனே போகவில்லை; மூன்று கிழமை எடுத்தது. அந்தப் பெண்ணும் ஓய்வு பெற்று, தன் மகளோடு இருந்தார். கதவைத் திறந்தவர் என்னைக் கண்டு முகம் மலர்ந்து, "கட்லட் கொண்டு வந்தனீரோ?" என்றார். கம்பி வலைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே நான் எல்லாவற்றையும் சொன்னேன். உள்ளே போய் இருந்து சொல்ல எனக்குத் தகுதியில்லை என்று பட்டது.

அவர் ஒரு கையை வலைக்கதவின் சட்டத்தில் வைத்தார்.

"துரு?"

"இல்லை. ஒரு இடத்திலும் இல்லை."

"அம்மா நன்றி சொல்லச் சொன்னதை நான் வந்து சொன்னனான் உமக்கு."

"ஓம்."

"நீர் என்ன சொன்னனீர்?"

"பரவாயில்லை எண்டனான்."

அவர் வலைக்கதவின் கொளுக்கியைப் போட்டார். சத்தமில்லாமல், கவனமாக. உள்ளே போய்விட்டார்.

ஒரு மாதம் கழித்துத் தொலைபேசி அடித்தது. "நான்தான்" என்றார். குரலில் சிநேகிதம் இல்லை. "அண்டைக்கு ஒரு கடிதம் எழுதினீர் என்ன. இப்ப இன்னொண்டு எழுதும். அதே சபைக்கு. மன்னிப்பு, கவலை ஒண்டும் வேண்டாம். எங்களுக்கு மன்னிப்பு இப்ப கனக்க இருக்கு. கம்பம் எப்பிடி இருந்தது எண்டு மட்டும் எழுதும்."

எழுதினேன். முதல் கடிதத்தைப் போலவே மூன்று வசனம்தான் வந்தது. கம்பம் நல்ல நிலையில் இருந்தது. நான் தெரிந்துகொண்டே பொய் எழுதினேன். அந்தப் பொய்யை வைத்து மறுக்கப்பட்ட விண்ணப்பத்தைச் சபை மறுபடி எடுக்க வேண்டும். என்னைப் பதிவு செய்திருந்த பொறியியலாளர் சங்கத்துக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். ஓய்வு பெற்றவர் என்பதால் நடவடிக்கை எடுக்க முடியாது, ஆனால் இது உங்கள் பதிவில் சேர்க்கப்படும் என்று பதில் வந்தது. அந்தப் பதிலை மடித்து வைக்கும்போது, யாழ்ப்பாணத்து லிகிதருக்காக நான் பேசாமல் விட்டது நினைவுக்கு வந்தது. அதற்கு இனி ஒரு வழியுமில்லை.

நகரசபையில் என்னோடு வேலை செய்தவர்கள் ஒருவரும் மிச்சமில்லை. என் கடிதத்தைப் பொதுக் கூட்டத்தில் வாசித்தார்கள். தலைவியாக இருந்தவர் என் மகளின் வயதுப் பெண். "இதை உங்களை எழுதச் சொன்னது யார்?" என்று கேட்டார்.

என் பொறுப்பதிகாரி இறந்து நாலு வருடம். அவருடைய பெயர் என் வாய்வரை வந்தது. திரும்ப ஒருக்காப் பாரும் என்றுதானே அவர் சொன்னார்?

"கையெழுத்து என்னுடையது" என்றேன்.

பின்வரிசையில் அந்தப் பெண்ணும் சில முதியவர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒரு கிழவர் எல்லோருக்கும் கேட்கும்படி, "பதினொரு வருசம் என்ன செய்தனீர், மேட்? பேனையில மை காயக் காத்திருந்தனீரோ?" என்றார். சபை முழுவதும் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் கிழவரை அடக்கவும் இல்லை.

கோயிலில் பழைய நண்பர் ஒருவர் என்னை வாகனத் தரிப்பிடத்தில் மறித்தார். "உமக்கென்ன, நீர் பென்சன் எடுத்தாச்சு. இனி எங்கட பிள்ளையள் எஞ்சினியர் எண்டு போனா, தமிழன் பொய் எழுதுவான் எண்டெல்லோ சொல்லுவாங்கள்?"

"ஒரு தமிழன் எழுதினவன். அவனைத் தெரியும் எண்டு சொல்லும்" என்றேன்.

அவர் ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு மருமகளுக்கு ஒரு விண்ணப்பம் நிரப்ப வேண்டும் என்று வந்தார்.

புதுக் கம்பம் வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. இந்த வருடம் யூலையில் கொடி ஏற்றினார்கள். என்னை யாரும் அழைப்பிதழ் தந்து கூப்பிடவில்லை. முதல் நாள் அந்தப் பெண் தொலைபேசியில், "காலமை ஏழு மணிக்கு வந்து கதிரை அடுக்கும். குளிரும், தொப்பி போட்டு வாரும்" என்றார். நானும் மனைவியும் போய் அறுபது கதிரை அடுக்கினோம். முன்வரிசையில் நடுக் கதிரையில் ஒருவரும் இருக்கக்கூடாது என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

கொடி பாதி தூரம் ஏறியதும் கயிறு கப்பியில் சிக்கிக்கொண்டது. இழுத்தவர் திணறினார். நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். அந்தப் பெண் திரும்பிப் பார்க்காமலே, "நீர் அங்கயே நில்லும்" என்றார். நின்றேன். அவருடைய பேத்தி கயிற்றைக் கொஞ்சம் கீழே விட்டு, உதறி, மறுபடி இழுத்தாள். கொடி மேலே போனது. அவர் வெறுங்கதிரைக்குப் பக்கத்தில் இருந்து, கழுத்து வலிக்கும்வரை மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா பார்க்க வேண்டியதை அவர் பார்த்தார். அது ஒன்றல்ல என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மன்னித்துவிட்டேன் என்று அவர் இன்றுவரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் ஓகஸ்ட் மாதம், "உமக்குச் சின்ன பஸ் ஓட்டத் தெரியுமோ?" என்று கேட்டார். வியாழக்கிழமைகளில் அவர்களுடைய முதியவர்களை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போக ஆள் தேவைப்பட்டது. அதிலிருந்து நான்தான் சாரதி. பதினொரு பேர். கூட்டத்தில் என்னை மை பற்றிக் கேட்ட கிழவர் முன் ஆசனத்தில் இருந்து, நான் போகும் பாதை ஒவ்வொன்றையும் பிழை என்கிறார். பின்னால் இருக்கும் அன்ரிமார், நான் மெதுவாக ஓட்டுவதால் சூப் ஆறிப்போகிறது என்கிறார்கள். என்னை அங்கிள் என்று கூப்பிடத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களில் நாலு பேர் என்னைவிட மூத்தவர்கள்.

போன மாதம் ஒரு புது ஆள் ஏறினார். இந்த நாட்டின் வடமுனைக்கு அப்பால், நீரிணைத் தீவுகளில் பிறந்தவர். தீவு மக்களுக்கு வேறு கொடி. பச்சை, நீலம், நடுவில் வெள்ளைத் தலையணியும் நட்சத்திரமும். நகரசபைக் கட்டடத்தைக் கடக்கும்போது அவர் கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்கட கொடிக்கு இடமில்லைப் போல" என்றார். குறையாகச் சொல்லவில்லை, மழை வரும்போல என்று சொல்வதுபோலச் சொன்னார்.

கண்ணாடியில் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாக்கிறீர்? றோட்டைப் பாரும்" என்றார். பிறகு, "அங்க இன்னொரு கம்பத்துக்கு நிலம் தாங்குமோ?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை அளவுநாடாவோடு போய்ப் பார்த்தேன். இரண்டு முறை பார்த்தேன். தாங்கும். கடிதம் எழுதி, அந்தத் தீவுக்காரரும் நானும் கையெழுத்து வைத்துக் கொடுத்திருக்கிறோம். பதில் வரவில்லை. திங்கட்கிழமை இரண்டு பேரும் நேரில் போய்க் கேட்கப் போகிறோம்.